வயரைச் செருகியும் வாய் திறக்காத போன்

போன ஐப்பசியில் ஒரு கல்லூரி மாணவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்று போட்டோக்கள், பதினோரு கட்டளைகளின் வெளியீடு, கடைசியில் ஒரு வரி: "சார், நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தான் இதை வாங்கினேன். எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்க."

முதல் போட்டோவில் ஹாஸ்டல் மேசை. அதன் மேல் ஆண்ட்ராய்டைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்ட ஒரு பழைய போன். டைப்-சி வாயில் ஒரு ஹப், ஹப்புக்கு ஒரு சார்ஜர், ஹப்பிலேயே ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர், அங்கிருந்து சுவரில் இருக்கும் லேன் பாயிண்டுக்கு நீலக் கேபிள். அந்த ஹாஸ்டலில் ஒய்ஃபை கிடையாது, அறைக்கு ஒரு லேன் பாயிண்ட் மட்டும். லேப்டாப் வாங்கப் பணமில்லாத பையன், ஏழாயிரம் ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டில் இந்தப் போனை வாங்கி, கல்லூரி லேபில் உட்கார்ந்து லினக்ஸ் ஏற்றி, இதையே கம்ப்யூட்டராக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். நினைக்க வைத்தவன் நான். இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் லினக்ஸ் போன்களைப் புகழ்ந்து எழுதினேன். "இது முழு லினக்ஸ். கீபோர்டு, மவுஸ், லேன், எதை வேண்டுமானாலும் மாட்டலாம்" என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அதை எழுதும்போது நான் மாட்டிப் பார்த்திருந்தது ஒரே ஒரு கீபோர்டு. அதுவும் வேறொரு போனில், ஒரு தடவை.

இந்தக் கட்டுரை அந்த வரியைப் பற்றியது. கூடவே, அந்தப் பையன் நம்பிப் படித்த வழிகாட்டிகளைப் பற்றியது.

அவர் ஒழுங்கான பையன். 'லினக்ஸில் வயர் நெட்வொர்க் வேலை செய்யவில்லையா?' ரகத்து வழிகாட்டிகள் நாலைந்தை வரிசை தவறாமல் செய்து பார்த்திருக்கிறார். எல்லா வழிகாட்டிகளும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். 'ஐபி லிங்க்' அடித்து இடைமுகம் தெரிகிறதா என்று பார். தெரிந்தால் மேலே ஏற்று. தெரியாவிட்டால் 'எல்எஸ்-யூஎஸ்பி' அடித்து உன் அடாப்டர் பட்டியலில் இருக்கிறதா பார். சிப் எண்ணைக் கண்டுபிடித்து அதற்கான டிரைவரைப் போடு. பிறகு டிஹெச்சிபி, பிறகு டிஎன்எஸ், கடைசியில் பிங். இந்த வரிசையில் தப்பே இல்லை, மேசைக் கம்ப்யூட்டருக்கு. அங்கே லேன் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. லேப்டாப்பில் யூஎஸ்பி அடாப்டர் மாட்டினாலும் பெரும்பாலும் இதே கதைதான். லேப்டாப்பின் யூஎஸ்பி வாய்க்குத் தான் யார் என்பதில் சந்தேகம் வருவதில்லை.

போனுக்கு அந்தச் சந்தேகம் பிறவியிலேயே உண்டு. வழிகாட்டிகள் கவனிக்காதது இதைத்தான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். யூஎஸ்பியின் முதல் வரையறை 1996ல் வந்தது. அதில் சமத்துவம் என்ற பேச்சே கிடையாது. ஒரு பக்கம் ஹோஸ்ட், மறுபக்கம் சாதனம். ஹோஸ்ட் என்றால் வீட்டுக்காரர், சாதனம் விருந்தாளி. பேச்சை ஆரம்பிப்பது வீட்டுக்காரர் மட்டும்தான். அவர் "வாங்க, நீங்க யாரு?" என்று கேட்டால்தான் விருந்தாளி வாயைத் திறந்து பெயர், ஊர் சொல்லலாம். கம்ப்யூட்டர் வீட்டுக்காரர், மவுஸ், பிரிண்டர், லேன் அடாப்டர் எல்லாம் விருந்தாளிகள். போனும் விருந்தாளிதான். கம்ப்யூட்டரோடு இணைத்து போட்டோ நகலெடுக்கும்போது அது ஒரு பென்டிரைவ் போலத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

போனே சில சமயம் வீட்டுக்காரராக வேண்டுமே என்பதற்காக 2001ல் 'ஆன்-தி-கோ' என்ற பின்னிணைப்பு வந்தது. மினி, மைக்ரோ யூஎஸ்பியில் ஐந்தாவதாக ஒரு ஐடி பின் உண்டு. ஓடிஜி கேபிள் என்று கடையில் கேட்டு வாங்குவோமே, அதில் அந்தப் பின் கிரவுண்டோடு இணைந்திருக்கும். அதைப் பார்த்ததும் போன், "ஓ, இன்னைக்கு நான்தான் வீட்டுக்காரன்" என்று புரிந்துகொள்ளும். எல்லாப் போனும் புரிந்துகொண்டதில்லை. 2009ல் வந்த நோக்கியா என்900, லினக்ஸ் போன் பைத்தியங்களின் (நானும் ஒருவன்) குலதெய்வம். அதில்கூட ஹோஸ்ட் முறை அதிகாரபூர்வமாக இல்லை. பயனர்களே மென்பொருள் வித்தை செய்து அதை வரவழைத்தார்கள்.

2014ல் டைப்-சி வந்தது. இரண்டு முனையும் ஒன்று, எப்படிச் செருகினாலும் சரி. பார்க்க எளிமையான இந்த வாய்க்குள்தான் சிக்கல் பெருகியது. யார் வீட்டுக்காரர் என்பதை சிசி என்ற கம்பி தீர்மானிக்கிறது. விருந்தாளி பக்கத்தில் அந்தக் கம்பி 5.1 கிலோ ஓம் தடையம் வழியாகக் கிரவுண்டுக்குப் போகும். வீட்டுக்காரர் பக்கத்தில் அது மேலே இழுக்கப்பட்டிருக்கும். இரண்டு வேடமும் போடக்கூடிய போன், எதிரே ஆள் வரும்வரை இப்படியும் அப்படியுமாக மாறி மாறிக் காட்டிக்கொண்டே இருக்கும். எதிரே 5.1 கிலோ ஓம் தென்பட்டால், "விருந்தாளி வந்திருக்கார்" என்று 5 வோல்ட்டைத் திறந்துவிடும்.

இங்கே சார்ஜர் ஒன்று குறுக்கே வந்தால் கதை மாறுகிறது. ஹப்பில் சார்ஜரை மாட்டினால் மின்சாரம் ஹப்பிலிருந்து போனுக்குள் வருகிறது. டைப்-சியின் இயல்பு நிலையில், மின்சாரம் கொடுப்பவர்தான் வீட்டுக்காரர், வாங்குபவர் விருந்தாளி. நமக்கு வேண்டியதோ சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே நம் வீட்டு அதிகாரத்தையும் வைத்துக்கொள்வது. அதற்கு வழி இருக்கிறது. யூஎஸ்பி பவர் டெலிவரி என்ற பேச்சுவார்த்தையில், மின்சாரத்தின் திசையை அப்படியே விட்டுவிட்டுத் தரவின் தலைமையை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஒரு செய்தி உண்டு. அந்தச் செய்தியை அனுப்ப போனில் அதற்கான சிப் வேண்டும். அந்தச் சிப்புக்குக் கர்னலில் டிரைவர் வேண்டும். அந்த டிரைவர், யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு "வேடம் மாறு" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் என்ன ஆகும்? பிழைச் செய்தி வராது. போனும் விருந்தாளி, ஹப்பும் விருந்தாளி. திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளேயிருந்து யாராவது வந்து "வாங்க" என்று சொல்வார்கள் என்று. உள்ளே யாரும் இல்லை.

இப்போது பையனின் பதினோரு வெளியீடுகளுக்கு வருவோம். இதில் என் தப்பு இரண்டு.

'எல்எஸ்-யூஎஸ்பி'யின் வெளியீடு காலியாக இருந்தது. காலி என்றால் ஒரு வரிகூட இல்லை. வழிகாட்டி சொன்னது "பட்டியலில் உன் அடாப்டர் இருக்கிறதா பார்." இல்லை. அப்படியானால் அடாப்டர் மோசம், அல்லது சிப்புக்கு ஆதரவு இல்லை. நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். "தம்பி, அது ஏதோ பெயர் தெரியாத சிப். ரியல்டெக் ஆர்டிஎல் 8153 இருக்கான்னு கேட்டு வாங்குங்க, லினக்ஸ்ல கண்ணை மூடிட்டு வேலை செய்யும்" என்று பதில் போட்டேன். எண்ணூறு ரூபாய் செலவழித்து வாங்கினார். அதே மௌனம்.

அந்தக் காலி வெளியீட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் போதும். எந்த லினக்ஸ் லேப்டாப்பிலும், ஒரு யூஎஸ்பி சாதனமும் மாட்டாமல் அந்தக் கட்டளையை அடித்துப் பாருங்கள். பட்டியல் காலியாக இருக்காது. 'ரூட் ஹப்' என்று ஓரிரண்டு வரிகளாவது வரும். அது நாம் செருகிய எதுவும் இல்லை. கர்னல் தன் ஹோஸ்ட் கன்ட்ரோலரையே ஒரு ஹப்பாகக் காட்டிக்கொள்வது. வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார் என்பதற்கான அடையாளம். அந்த ரூட் ஹப்பே பட்டியலில் இல்லையென்றால் விருந்தாளியைச் சோதித்துப் பயனில்லை. ரியல்டெக் போட்டாலும் ஏசிக்ஸ் போட்டாலும் தங்கத்தில் அடாப்டர் செய்து மாட்டினாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. நான் தேடிப் பார்த்த வழிகாட்டிகள் எதிலும் "முதலில் ரூட் ஹப் இருக்கிறதா பார்" என்ற வரி இல்லை. லேப்டாப்காரர்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை, அதனால் எழுதவில்லை. போனுக்கு அந்த வரிதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தப்பு இன்னும் சங்கடமானது. 'ஐபி லிங்க்' வெளியீட்டில் 'யூஎஸ்பி0' என்று ஒரு இடைமுகம் இருந்தது. பையன் கேட்டார்: "சார், யூஎஸ்பி0 இருக்கே, அதுதானே அடாப்டர்? அதுக்கு ஐபி மட்டும்தான் வரமாட்டேங்குதா?" நானும் ஆமாம் போட்டேன். மூன்று நாள் அதில் டிஹெச்சிபி கேட்டு மன்றாடினோம். உண்மையில் அந்த 'யூஎஸ்பி0' அடாப்டரே இல்லை. அது போனே விருந்தாளி வேடத்தில் காட்டும் முகம். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போன்ற இயக்குதளங்களில், போனைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்தால் போன் தன்னையே ஒரு நெட்வொர்க் அட்டையாகக் காட்டிக்கொள்ளும். 172.16.42.1 என்ற முகவரிக்கு எஸ்எஸ்ஹெச் செய்து உள்ளே நுழையலாம். திரை வேலை செய்யாத போனைக்கூட இப்படி உயிர்ப்பிக்க முடியும், அற்புதமான ஏற்பாடு. ஆனால் கர்னலில், வீட்டுக்காரர் பக்கம் சில அடாப்டர்களுக்கு வைக்கும் பெயரும் யூஎஸ்பி0, விருந்தாளி பக்கம் போன் தனக்கே வைத்துக்கொள்ளும் பெயரும் யூஎஸ்பி0. எதிரெதிர் அர்த்தம் கொண்ட இரண்டுக்கும் ஒரே பெயர். மேசைக் கம்ப்யூட்டருக்கான வழிகாட்டி "யூஎஸ்பி0 தெரிந்தால் பாதி வேலை முடிந்தது" என்கிறது. போனில் யூஎஸ்பி0 தெரிந்தால் அது பெரும்பாலும் நீங்கள் தப்பான வேடத்தில் இருக்கிறீர்கள் என்பதற்கான சாட்சி.

இதோடு அடாப்டரில் பச்சை விளக்கு வேறு எரிந்தது. "லைட் எரியுது சார், அப்போ கேபிள் சரிதானே?" கேபிள் சரிதான். ஹப்புக்கு சார்ஜரிலிருந்து மின்சாரம் வருகிறது, அடாப்டருக்கு மறுமுனையில் ஸ்விட்ச் தெரிகிறது, சில அடாப்டர்களில் அதற்கே விளக்கு எரிந்துவிடும். போனோடு ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது அடாப்டரும் தோற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னிடமும் அதே ஸ்னாப்டிராகன் 845 சிப் கொண்ட ஒரு போன் லினக்ஸோடு தூங்கிக்கொண்டிருந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. அவர்கள் விற்றது ஆண்ட்ராய்டு போன், லினக்ஸ் ஓடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு அதை எழுப்பி, அதே மாதிரி ஹப்பை மாட்டினேன். அதே காலி. 'சிஸ்' அடைவில் டைப்-சிக்கான இடத்தைப் பார்த்தேன். சரியாக ஆதரவு உள்ள போனில் அங்கே 'டேட்டா ரோல்' என்ற கோப்பு இருக்கும். திறந்தால் ஹோஸ்ட், டிவைஸ் என்ற இரண்டு சொற்கள், நடப்பில் எதுவோ அதைச் சதுர அடைப்புக்குள் போட்டுக் காட்டும். என் போனில் அந்த அடைவே காலி. அதாவது சிசி கம்பியைப் படிக்கக் கர்னலில் ஆள் இல்லை.

அடுத்து டிவைஸ் ட்ரீ. தெரியாதவர்களுக்கு: ஏஆர்எம் போன்களில் எந்தச் சிப் எங்கே இருக்கிறது, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கர்னலுக்குச் சொல்லும் வரைபடக் கோப்பு. அதில் யூஎஸ்பி கன்ட்ரோலரின் பகுதியில் முறை 'பெரிஃபெரல்' என்று ஆணியடித்து வைத்திருந்தது. விருந்தாளி மட்டும், எப்போதும். இது என் போனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இதே சிப் கொண்ட ஒன்பிளஸ் 6 குடும்பத்துக்கான கர்னல் கோப்பிலும் இதே ஏற்பாடு இருந்தது. அதன் பக்கத்தில் எழுதியவர் ஒரு குறிப்பு விட்டிருந்தார்: முறை மாற்றும் திறன் நம்மிடம் இன்னும் இல்லை என்ற பொருளில், ஒரே வரி.

அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் புகழ்ந்து எழுதிய இரண்டாயிரம் வார்த்தைகளில் இல்லாத நேர்மை அந்த ஒரு வரியில் இருக்கிறது. சம்பளம் வாங்காமல் ராத்திரி கண் விழித்து அந்தப் போனுக்கு லினக்ஸைக் கொண்டுவந்த யாரோ ஒருவர், "இது இன்னும் முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் விக்கியின் சாதனப் பக்கங்களிலும் 'யூஎஸ்பி ஓடிஜி' என்று தனி வரி வைத்திருக்கிறார்கள். வேலை செய்யுமா, பாதியா, இல்லையா என்று குறிக்க. வாங்கும் முன் அந்த வரியைப் பாருங்கள் என்று நான் எழுதியிருக்க வேண்டும். கேமரா வரியையும் அழைப்பு வரியையும்தான் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

ஆக, உண்மை மறைக்கப்படவில்லை. மூன்று மாடி கீழே, நிலவறையில், தெளிவாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. மேல்மாடியில், அதாவது திரையில், ஒன்றுமே இல்லை. என்னுடைய முக்கியமான புகார் இதுதான். லினக்ஸ் போன்களின் செட்டிங்ஸில் வயர் நெட்வொர்க் பகுதி, இடைமுகம் இருந்தால் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. 'இல்லை' என்பதற்கும் 'கேட்கவே இல்லை' என்பதற்கும் வித்தியாசம் காட்டாது. விண்டோஸைக் கிண்டல் செய்தே வளர்ந்தவன் நான். ஆனால் அது "யூஎஸ்பி சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை" என்றாவது அரற்றும். ஆண்ட்ராய்டில் கேபிள் செருகினால் "சார்ஜ் ஆகிறது, கோப்பு மாற்ற வேண்டுமா?" என்று ஒரு அறிவிப்பு வரும், தான் எந்த வேடத்தில் இருக்கிறது என்பதை ஒருவகையில் சொல்லிவிடுகிறது. நம் ஆட்களின் போன் மட்டும் மௌனச் சாமியார்.

"தன்னார்வலர்களிடம் இதையெல்லாம் கேட்கலாமா? வேணும்னா நீயே எழுது" என்பார்கள். நியாயம். நான் கேட்பது புதுத் திறன் இல்லை. கர்னலுக்கு ஏற்கெனவே தெரிந்ததை வெளியே சொல்லும் ஒரு வாக்கியம்: 'இந்தப் போன் இப்போது விருந்தாளி நிலையில் இருக்கிறது, மாட்டிய சாதனத்தோடு பேச இயலாது.' இதை ஷெல் ஸ்கிரிப்டாக எழுதிப் பார்த்தேன், இருபது வரிகூட வரவில்லை. ரூட் ஹப் உண்டா என்று பார்க்கிறது. விருந்தாளி கன்ட்ரோலர் விழித்திருக்கிறதா என்று பார்க்கிறது. டைப்-சி அடைவு காலியா, காலியில்லை என்றால் எந்த வேடம் என்று பார்க்கிறது. பிறகு தமிழில் ஒரு வாக்கியம் சொல்கிறது. அவ்வளவுதான். இது அந்தப் பையனிடம் முதல் நாளே இருந்திருந்தால் எண்ணூறு ரூபாயும் மூன்று நாளும் மிச்சம்.

இதற்காகவே செய்த போன்களில் நிலைமை மேல்தான், ஆனாலும் அங்கேயும் தகராறு இதே வாயில்தான் வந்தது. பைன்போனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020ல் 149 டாலர் போனோடு, 199 டாலருக்கு 'கன்வர்ஜன்ஸ்' தொகுப்பு என்று விற்றார்கள். கூடுதல் ரேம், கூடவே ஒரு டாக். டாக்கில் ஹெச்டிஎம்ஐ, இரண்டு யூஎஸ்பி, ஒரு லேன் வாய். அதாவது வயர் நெட்வொர்க் அந்தப் போனின் விளம்பரத்திலேயே இருந்தது. அதற்கு முந்தைய யூபிபோர்ட்ஸ் பதிப்பின் 1.2 பலகையிலோ டைப்-சி சுற்றில் வன்பொருள் பிழை. டாக்கை மாட்டினால் வேலை செய்யாது. சால்டரிங் அயர்ன் எடுத்துப் பலகையிலேயே கை வைத்தால்தான் தீரும். பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அடுத்த 1.2ஏ பலகையில் திருத்தினார்கள், அது பெருமைதான். ஆனால் ஒரு 1.2 பலகைக்காரர் நம் வழிகாட்டியைப் பின்பற்றி டிரைவர் டிரைவராகப் போட்டுப் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். மென்பொருளில் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பிழை இருப்பது செம்பிலும் தடையத்திலும்.

சனிக்கிழமை ராத்திரிக்குத் திரும்புகிறேன். டிவைஸ் ட்ரீயில் 'பெரிஃபெரல்' என்பதை 'ஹோஸ்ட்' என்று மாற்றி, கட்டி, ஏற்றினேன். இதில் ஒரு வேடிக்கையான பொறி இருக்கிறது. அதுவரை நான் போனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது அதே யூஎஸ்பி வாய் வழியாக, 172.16.42.1க்கு. போன் வீட்டுக்காரராக மாறியதும் அந்த வழி அடைபட்டது. வாசலைச் சரிசெய்ய வாசல் வழியாகவே போய்வர வேண்டியிருக்கிறது. சரியானதும் நாம் வெளியே. ஒய்ஃபை வழியாக எஸ்எஸ்ஹெச் வைத்திருந்ததால் பிழைத்தேன். ஒய்ஃபை இல்லாத ஹாஸ்டலில் அந்தப் பையன் போனின் குட்டித் திரையில் விரலால்தான் தட்ட வேண்டும். இந்தச் சிரமத்தை எந்த வழிகாட்டி கணக்கில் எடுத்திருக்கிறது?

மாற்றிய பிறகும் ஹப்பைத் தனியாக மாட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. என் போனில் லினக்ஸ், வெளியே 5 வோல்ட் தருவதில்லை. வீட்டுக்காரர் வந்துவிட்டார், ஆனால் அடுப்பு எரியவில்லை. ஹப்புக்கு சார்ஜர் கொடுத்ததும் 'டி-மெசேஜ்' ஓட ஆரம்பித்தது. ரூட் ஹப், ஹப், அடாப்டர், ரியல்டெக்கின் ஆர் 8152 டிரைவர், 'ஈத்0'. நெட்வொர்க் மேனேஜர் தானாகவே ஐபி வாங்கியது. வயருக்கு 100, ஒய்ஃபைக்கு 600 என்பது அதன் இயல்பான முன்னுரிமை எண், சிறியது முதலில். அதனால் போக்குவரத்து சொல்லாமலே வயருக்கு மாறியது. வழிகாட்டிகள் பக்கம் பக்கமாக எழுதும் டிரைவர், டிஹெச்சிபி, ரூட்டிங் எல்லாம் மூன்று வினாடியில் முடிந்த வேலை. அவர்கள் எழுதாத வேலைக்குத்தான் எனக்கு ஒரு ராத்திரி ஆனது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வேகம் யூஎஸ்பி 2 அளவுதான், 480 மெகாபிட்டுக்குள். கிகாபிட் அடாப்டர் வாங்கியதில் பெரிய லாபமில்லை. என்ன சார்ஜர் என்று கண்டுபிடிக்கும் பேச்சுவார்த்தை நடக்காததால் போன் மிகக் குறைவாகவே மின்சாரம் எடுத்தது. திரையைப் போட்டு வேலை செய்தால் பேட்டரி மெதுவாக இறங்கியது. தூங்கப்போய் விழித்தால் அடாப்டரைக் கழற்றி மாட்ட வேண்டும். இதையெல்லாம் 'முழு லினக்ஸ்' என்று எழுதலாமா? எழுதலாம், முழு லினக்ஸ்தான். முழு கம்ப்யூட்டர் என்று எழுதக்கூடாது.

மாற்றிய கர்னலைப் பையனுக்கு அனுப்பினேன். அவர் போன் வேறு மாடல் என்பதால் அதன் கோப்பில் மாற்றி, இரண்டு முறை பூட் ஆகாமல் திணறி, மூன்றாவது முறை ஏறியது. அதன் பிறகும் நெட் வரவில்லை! ஹாஸ்டலில் மேக் முகவரியைப் பதிவு செய்தால்தான் அனுமதி. அவர் போனின் ஒய்ஃபை மேக் முகவரியைக் கொடுத்திருந்தார். வயரில் போகும்போது முகவரி அடாப்டருடையது. அதை மாற்றி எழுதிக் கொடுத்த அன்று சாயங்காலம் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது, பிங் ஓடும் கருப்புத் திரை. கீழே ஒன்றும் எழுதவில்லை.

ஆறு வாரம் அதிலேயே ஓட்டினார். செமஸ்டர் புராஜெக்ட் நெருங்கியபோது, பேட்டரி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கம்பைல் செய்ய முடியவில்லை என்று, சித்தப்பாவிடம் கடன் வாங்கி ஒரு பழைய லேப்டாப் வாங்கிவிட்டார். நான் எண்ணூறு ரூபாயை அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார். "வேண்டாம் சார், அடாப்டர் வேஸ்ட் ஆகலை. லேப்டாப்ல லேன் போர்ட் உடைஞ்சிருக்கு, அதுலதான் மாட்டியிருக்கேன். செருகின உடனே வந்துடுச்சு." கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்புக் குறி.

பழைய கட்டுரையை அழிக்கவில்லை. அதன் தலையில் இப்படிச் சேர்த்திருக்கிறேன்: "லேன் மாட்டலாம் என்று நான் எழுதியது சோதிக்காமல் எழுதியது. வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு யூஎஸ்பி ஓடிஜி வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், வேறு எதையும் செய்யும் முன் எல்எஸ்-யூஎஸ்பி அடித்து ரூட் ஹப் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் புது அடாப்டர் வாங்காதீர்கள், எனக்கு எழுதுங்கள்." அந்தச் சின்ன ஸ்கிரிப்டையும் கூடவே வைத்திருக்கிறேன். மூன்று மாடல்களில்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். உங்கள் போனில் தப்பாகச் சொன்னால் அதையும் சொல்லுங்கள், திருத்துகிறேன்.